அரிட்டாபட்டி: மலைக்குக் கிடைத்த பாதுகாப்பு, வட்டாரத்துக்குக் கிடைக்காத சட்டம்

எதற்காக இந்தப் பதிவு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களில், டங்ஸ்டன் என்ற உலோகத்தின் சுரங்கத்துக்காக விடப்பட்ட ஏலம் 2025 ஜனவரி 23 அன்று ரத்தானது. அதை ஒரு மக்கள் போராட்டத்தின் வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினோம். வெற்றிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் கேட்டவை இரண்டு. ஏலத்தை முழுதாக ரத்து செய்ய வேண்டும் என்பது ஒன்று. இந்த வட்டாரத்தையே பாதுகாக்கப்பட்ட தமிழ்ப் பண்பாட்டு மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஏலம் ரத்தானபோது முதல் கோரிக்கை நிறைவேறியது. இரண்டாவது அப்படியே நின்றது.

அந்த இரண்டாவது கோரிக்கை ஏன் எழுந்தது, ஏற்கெனவே இருந்த சட்டப் பாதுகாப்பு எந்த இடத்தில் போதாமல் போனது, ஒரு மண்டலச் சட்டம் எழுதுவதாக இருந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை எங்கும் சொல்லவில்லை. ஊர்ப் பெயர்களும் தேதிகளும் சட்டப் பிரிவுகளும் பொதுவெளியில் உள்ளவை.

பின்னணி: மலையும் கண்மாயும்

அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு பாறைக்குன்றுகள் இருக்கின்றன. அரசின் கணக்கில் இந்தப் பகுதியில் 72 நீர்நிலைகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் உள்ளன. ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது என்று அதே அரசுக் குறிப்பு சொல்கிறது. மழை பெய்தால் மொட்டைப் பாறையில் விழும் தண்ணீர் ஓடைகளில் இறங்கிக் கண்மாய்க்கு வரும். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூர்ப் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிய ஒருபோகப் பாசனமும், அதாவது ஆண்டுக்கு ஒரு விளைச்சலும், உண்டு. கால்வாயில் தண்ணீர் தாமதமாகிற ஆண்டில் ஊரைக் கைவிடாமல் காப்பாற்றுவது இந்த மலைத் தண்ணீர்தான்.

பறவைகளில் ஏறக்குறைய 250 இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்றும் இந்தப் பாறை முகடுகளை நம்பியிருப்பவை. தேவாங்கு, அலங்கு (எறும்புதின்னி), மலைப்பாம்பு ஆகியவையும் உண்டு.

அப்புறம் கல்வெட்டுகள். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் இரண்டு கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் நெல்வேலி, இன்னொன்றில் இலஞ்சி என்று ஊர்ப் பெயர்கள் வருகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எங்கோ தெற்கே இருந்தவர்கள் இங்கே வந்து சமண முனிவர்களுக்குக் குகை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் மீனாட்சிபுரத்து மலையில் இருக்கும் மாங்குளம் கல்வெட்டுகள் தமிழ் எழுத்தின் வரலாற்றிலேயே மிக முக்கியமானவை. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் அங்கே பாறையில் இருக்கிறது. வெள்ளறை நிகமத்தோர் என்ற வணிகர் குழுவும் அங்கே வருகிறது. இவை தவிர முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் ஒன்றும் அரிட்டாபட்டியில் உண்டு. அதில் தமிழ்நாட்டில் அரிதாகவே பார்க்கக் கிடைக்கும், சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் இருக்கிறது.

ஒரு கல்வெட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலையின் மேல் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் திருமேனி பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் மலையின் பழைய பெயர் திருப்பிணையன் மலை என்று வருகிறது. செய்வித்தவர் அச்சணந்தி. முடிவில் 'பாதிரிக்குடியார் ரக்ஷை' என்று எழுதியிருக்கிறது. அதாவது இந்தத் திருமேனி பாதிரிக்குடி ஊராரின் காவலில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிற்பத்தைச் செய்வித்தவர், அதைக் காப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே பாறையில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அரசனையோ அதிகாரியையோ அவர் எழுதவில்லை. ஊரைத்தான் எழுதினார். இன்று மலையடிவாரத்தில் இருப்பவர்கள் அந்தக் காவலைத் தங்களுடையதாகவே நினைக்கிறார்கள். பிறகு நடந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இவர்களுக்குச் சுரங்கம் புதிதும் இல்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் மலைகளை எப்படித் தின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். கீழவளவில் சமணச் சின்னங்கள் உள்ள குன்றைச் சுற்றிக் குவாரிகள் தோண்டப்பட்டன. கிரானைட் முறைகேடு பற்றி விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஒரு ஐ.ஏ.எஸ் அதிகாரியைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். அரிட்டாபட்டி மலையும் அந்தக் காலத்தில் குவாரி ஆபத்தைச் சந்தித்தது, ஊர் ஒன்றுகூடி அதைத் தடுத்தது. ஆகவே 2024இல் டங்ஸ்டன் என்று கேள்விப்பட்டபோது, அது என்ன, எப்படி இருக்கும் என்று யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் பாதுகாப்பு: 2022 அறிவிக்கை

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுதான் முதலாவது. பரப்பு 193.215 ஹெக்டேர். அதில் அரிட்டாபட்டி கிராமத்தில் 139.63 ஹெக்டேர், மீனாட்சிபுரத்தில் 53.58 ஹெக்டேர்.

இதற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், பிரிவு 37. அந்தப் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசித்து மாநில அரசு இப்படிப்பட்ட தலங்களை அரசிதழில் அறிவிக்கலாம். ஒன்றிய அரசைக் கலந்தாலோசித்து மேலாண்மை விதிகளை வகுக்கலாம். அறிவிப்பால் யாருக்காவது பொருளாதார பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீட்டுக்குத் திட்டம் வகுக்க வேண்டும்.

நல்ல பிரிவு. வனச் சட்டங்களைப் போல மக்களை வெளியேற்றும் நோக்கம் இதில் இல்லை. மலையில் ஆடு மேய்ப்பது, கோயிலுக்குப் போவது, கண்மாயில் மீன் பிடிப்பது போன்ற வழக்கமான பயன்பாடுகளை ஊரார் தாங்களாக முடிவு செய்தால் ஒழிய மட்டுப்படுத்தக் கூடாது என்பதுதான் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டு நெறி. ஒரு பாதுகாப்புச் சட்டம் ஊருக்குள் வரும்போது மக்களுக்கு வரும் முதல் பயமே மேய்ச்சலும் வழிபாடும் போய்விடுமோ என்பதுதான். அந்தப் பயத்தைத் தீர்க்கும் விதத்தில் எழுதப்பட்ட சட்டம் இது.

போதாமை இரண்டு இடங்களில் இருக்கிறது. பிரிவு 37இன் வாசகத்தில் சுரங்கம் கூடாது என்று எங்கும் இல்லை. எது கூடும், எது கூடாது என்பதை விதிகளுக்கு விட்டுவிடுகிறது. இன்னொன்று, அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம் வரை கட்டுப்பாடு என்பதைப் பற்றியும் அது பேசவில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னம் என்றால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, 100 மீட்டர் வரை தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு ஒழுங்குமுறை என்று ஒரு கணக்கு உண்டு. பல்லுயிர்த் தலத்துக்கு அப்படி ஒரு கணக்கைச் சட்டம் வைக்கவில்லை. சர்வே எண் முடியும் வரப்போடு பாதுகாப்பும் முடிந்தது.

ஏலம் எப்படி வந்தது

2023இல் நாடாளுமன்றம் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தைத் திருத்தியது. முக்கியக் கனிமங்கள் என்று 24 கனிமங்களைப் பட்டியலிட்டு, அவற்றின் சுரங்க உரிமையை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ராயல்டி மாநிலத்துக்கு வரும், உரிமப் பத்திரத்தை மாநிலம்தான் வழங்க வேண்டும், ஆனால் எதை ஏலம் விடுவது என்ற முடிவு டெல்லியில். அந்த ஆண்டு அக்டோபரிலேயே தமிழ்நாட்டின் அமைச்சர் இந்த முறைக்கு ஆட்சேபம் தெரிவித்து எழுதினார். நவம்பரில் பதில் வந்தது. ஏற்கப்படவில்லை.

2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கு ஒரு தனியார் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். கவட்டயம்பட்டி, எட்டிமங்கலம், அ. வல்லாளபட்டி, அரிட்டாபட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி ஆகிய ஊர்கள் அதற்குள் வந்தன. அவ்வளவு ஊர்களை விழுங்கும் தொகுதிக்கு அந்த ஊர்களில் பலருக்குப் பழக்கமில்லாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். செய்தியைப் படிக்கும் ஒருவர் அது தன் ஊர் என்று உடனே புரிந்துகொள்ள வழியில்லை. சின்ன விஷயம்போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பல்லுயிர்த் தலம் தொகுதிக்குள் இருப்பது தெரியாமல் நடந்ததா? இல்லை. ஏலத்துக்கு முன் மாநிலம் அனுப்பிய நில விவரங்களில் தலம் பற்றிய தகவல் இருந்தது, ஆனால் ஏலம் வேண்டாம் என்று மாநிலம் பரிந்துரைக்கவில்லை என்றது ஒன்றிய சுரங்க அமைச்சகம். நாங்கள் 2023லேயே எதிர்ப்புத் தெரிவித்தோம், அதைக் கண்டுகொள்ளாமல் ஏலம் விட்டார்கள் என்றது மாநில அரசு. யார் சொல்வது சரி என்ற வாதம் சட்டமன்றத்திலும் வெளியிலும் வாரக்கணக்கில் நடந்தது. இந்த ஆய்வுக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறு: இரண்டு அரசுகளின் கோப்பிலும் அந்த 193 ஹெக்டேர் எழுதப்பட்டிருந்தது, எழுதப்பட்டிருந்தும் ஏலம் நிற்கவில்லை. ஏலத்தை அந்தக் கட்டத்திலேயே தானாக நிறுத்தும் ஏற்பாடு எதுவும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஊர் எடுத்த முதல் முடிவு

செய்தி பரவியதும் மக்கள் முதலில் போனது கிராம சபைக்கு. 2024 நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் ஏலத்துக்கு எதிராகத் தீர்மானங்கள் போடப்பட்டன. இதை நான் மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். சாலையில் உட்காருவதற்கு முன்பே எழுத்தில் ஒரு ஆவணம் உருவானது. ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் தீர்மான எண்ணும் உள்ள காகிதத்தைக் கலெக்டர் முதல் டெல்லி வரை யாரும் வதந்தி என்று தள்ள முடியாது. பிரிவு 37 உள்ளாட்சியைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது என்றால், அந்த உள்ளாட்சியின் குரல் என்ன என்பது இப்போது பதிவாகிவிட்டது.

நவம்பர் 29 அன்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில், ஏல உரிமையை ரத்து செய்ய வேண்டும், மாநிலத்தின் அனுமதியில்லாமல் சுரங்க உரிமம் தரக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு. சட்டமன்றத் தீர்மானத்துக்கு அரசியல் கனம் உண்டு, சட்டக் கட்டுப்பாடு கிடையாது. ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு மண்டலம் என்ற கோரிக்கை அதனால்தான் வலுத்தது. அரசு உரிமம் தரமாட்டோம் என்று சொல்வது அந்த அரசு இருக்கும் வரைக்கும்தான் செல்லும். அடுத்து வருபவரையும் கட்ட வேண்டுமென்றால் சட்டம் வேண்டும்.

எல்லையை மாற்றித் தருகிறோம் என்றபோது

டிசம்பர் 24. இந்த நிகழ்வில் நான் மிகக் கவனமாகப் பார்ப்பது இந்தத் தேதியைத்தான். பல்லுயிர்த் தலம் உள்ள பகுதியை விலக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மறுவரையறை செய்ய முடியுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சுரங்க அமைச்சகம் கேட்டுக்கொண்டது. அதுவரை மேல்நடவடிக்கை வேண்டாம் என்று மாநிலத்திடம் சொன்னது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான சமரசம். மொத்தத் தொகுதியில் தலத்தின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதை விட்டுவிட்டு மீதியைத் தோண்டுகிறோம். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நிலத்தில் ஒரு அங்குலம்கூடத் தொடமாட்டோம். வேறென்ன வேண்டும்?

ஊர்கள் இதை ஏற்கவில்லை. ஏன் என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மண்டலச் சட்டத்தின் தேவையே இந்த மறுப்புக்குள்தான் இருக்கிறது.

அந்த மீதி ஒன்பது பங்கில் வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது, குலசாமி கோயில் இருக்கிறது. நரசிங்கம்பட்டிப் பெருமாள்மலையும் அதன் அடிவாரத்துப் பெருங்கற்கால ஈமக்காடும் (பழைய புதைகாடு) பல்லுயிர்த் தலத்தின் கணக்கில் வரவில்லை. கிடாரிப்பட்டி அழகர்மலைக் குகைத்தளக் கல்வெட்டுகளுக்குப் பெயர் போன ஊர். வல்லாளபட்டிக்காரர்களுக்குப் பல்லுயிர்த் தலம் என்ற அறிவிப்பால் ஒரு பாதுகாப்பும் கிடைத்திருக்கவில்லை, ஆனால் சுரங்கம் வந்தால் முழு இழப்பும் அவர்களுக்கு. சமரசத்தை அரிட்டாபட்டி ஏற்றுக்கொண்டால் தன் மலையைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்து ஊர்களைக் கைவிட்டதாக ஆகும். அரிட்டாபட்டி அதைச் செய்யவில்லை. பிரித்துக் கொடுத்தால் பிரிந்துபோவார்கள் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அது பொய்த்தது.

தண்ணீரும் அந்த எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. மலை தலத்துக்குள் இருக்கிறது, அதன் தண்ணீரை வாங்கும் கண்மாய்களும் வயல்களும் வெளியேயும் இருக்கின்றன. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்றைச் சுரங்கக் குழி வெட்டிவிட்டால், மேலே மலை பத்திரமாக இருக்கும், கீழே கண்மாய் வறண்டு கிடக்கும். வல்லூறு முகட்டில் கூடு கட்டும், இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் தரிசுகளிலும். வெடிவைத்துத் தோண்டும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுப் பாறை எழுத்து எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, கீழவளவுக்குப் போனால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஊர் சொன்னது இதுதான்: பாதியாகக் கொடுக்கும் பாதுகாப்பு வேண்டாம், ஏலத்தை முழுதாக ரத்து செய்யுங்கள். சட்டப் பாதுகாப்பு பெற்ற 193 ஹெக்டேர், அவர்கள் பாரம்பரியம் என்று வாழும் பரப்பின் ஒரு துண்டுதான் என்பதை டிசம்பர் 24 ஆவணம் எல்லோருக்கும் வெளிப்படையாகக் காட்டிவிட்டது.

பேரணியும் ரத்தும்

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான மக்கள் பேரணியாகக் கிளம்பினார்கள். நடந்தும் வந்தார்கள், வண்டிகளிலும் வந்தார்கள். பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். தபால் நிலையம் ஒன்றிய அரசு அலுவலகம். மாநில அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்ட பிறகு கலெக்டர் அலுவலகத்தை முற்றுகையிடுவதில் பெரிய பொருள் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ அந்த வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுமதியில்லாமல் திரண்டதாக ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவானது. ரத்து அறிவிப்புக்குப் பிறகு அந்த வழக்குகளை மாநில அரசு திரும்பப் பெற்றது.

அப்புறம் அம்பலகாரர்கள் டெல்லி போனார்கள். மேலூர்ப் பக்கத்து ஊர்களில் அம்பலகாரர் என்பது பரம்பரையாக ஊர்ப் பொதுக் காரியங்களை முன்னின்று நடத்தும் பொறுப்பு. அவர்கள் ஜனவரி 22 அன்று ஒன்றிய சுரங்கத் துறை அமைச்சரைச் சந்தித்தார்கள். மறுநாள் ஏலம் ரத்து செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பல்லுயிர்த் தலத்தின் முக்கியத்துவமும் மக்களின் பாரம்பரிய உரிமையும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஜனவரி 26 அன்று முதல்வர் அரிட்டாபட்டிக்கும் வல்லாளபட்டிக்கும் வந்தார்.

இதில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எந்தக் கட்சியின் கதவையும் மூடவில்லை, எந்தக் கட்சிக்கும் போராட்டத்தை எழுதிக் கொடுக்கவும் இல்லை. இந்த நிகழ்விலிருந்து வேறு ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில் இது தலையாயது.

சட்டம் முடியாத காரியமா?

ஏல ரத்து ஒரு நிர்வாக முடிவு. 2023 திருத்தம் அப்படியே இருக்கிறது, டங்ஸ்டன் பட்டியலில் இருக்கிறது, பாறைக்கு அடியில் கனிமமும் இருக்கிறது. இன்னொரு நாள் இன்னொரு பெயரில் இன்னொரு தொகுதி வரைபடம் வரலாம். அதனால் மண்டலச் சட்டம் என்ற கோரிக்கையை உணர்ச்சிவசப்பட்ட கோஷமாக ஒதுக்க முடியாது.

அதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதற்குள் வந்தன. எந்தெந்த இடங்கள் என்பது ஒரு அட்டவணையில், எந்தெந்தத் தொழில்கள் கூடாது என்பது இன்னொரு அட்டவணையில். எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆகியவற்றுக்கான ஆய்வும் துரப்பணமும், துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகளும் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளன. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடவில்லை. திருச்சியையும் அரியலூரையும் விட்டுவிட்டார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது. நியாயமான குறைதான்.

2023 மார்ச் இறுதியில் அந்தச் சட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி முதல்வர் பிரதமருக்கு எழுதினார். சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. மேலூரில் இரண்டரை மாதம் ஊரே தெருவுக்கு வர வேண்டியிருந்தது. டெல்டாவில் விஷயம் சில நாட்களில் முடிந்தது. அரசியல் சூழல் வேறு, கனிமம் வேறு, ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பது சரி. ஆனாலும் கையில் ஒரு மண்டலச் சட்டம் இருப்பது கடிதத்துக்குத் தரும் பலம் கண்ணுக்குத் தெரிகிறது.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 54ஆம் பதிவு கனிம ஒழுங்குமுறையை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. மாநிலப் பட்டியலின் 23ஆம் பதிவு அதற்குக் கட்டுப்பட்டது. அதனால் மாநிலம் சுரங்கத்தைத் தடுப்பதையே தலைப்பாக வைத்துச் சட்டம் எழுதினால் நீதிமன்றத்தில் தடுமாறும். டெல்டா சட்டம் வேளாண்மை என்ற மாநிலப் பொருளின் மேல் நின்றது. மேலூருக்கும் நிற்க இடம் இருக்கிறது: மாநிலப் பட்டியலில் 12ஆம் பதிவு தேசிய முக்கியத்துவம் பெற்றதாக அறிவிக்கப்படாத பழைமையான நினைவுச்சின்னங்கள், 14ஆம் பதிவு வேளாண்மை, 17ஆம் பதிவு தண்ணீர், 18ஆம் பதிவு நிலம். இந்த நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் வட்டாரம் இது. எந்த நீதிமன்றத்திலும் உறுதியாக வெல்லும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முயலாமல் விடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எதை மாற்ற வேண்டும்

எல்லையில் தொடங்க வேண்டும். 2022 எல்லை புறம்போக்கு, பாறை, மலை என்று சர்வே எண்களைக் கோத்துப் போடப்பட்டது. மண்டலத்தின் எல்லை தண்ணீர் விழும் முகட்டில் தொடங்கி அந்தத் தண்ணீரை வாங்கும் கடைசிக் கண்மாயின் ஆயக்கட்டு (அது பாசனம் தரும் வயல் பரப்பு) வரை போக வேண்டும். கல்வெட்டுகளும் ஈமக்காடுகளும் குகைத்தளங்களும் அதற்குள் இயல்பாகவே வந்துவிடும், ஏனென்றால் பழைய காலத்தவர்களும் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் தங்கினார்கள்.

தடைப் பட்டியல் சட்டத்திலேயே இருக்க வேண்டும். விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம். ஆய்வுத் துளையிடலும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். நாயக்கர்பட்டித் தொகுதி கூட்டு உரிமத்துக்காக ஏலம் விடப்பட்டது, அதாவது முதலில் ஆய்வு, பிறகு சுரங்கம். ஆய்வுதானே என்று அனுமதித்தால் அடுத்த படியைத் தடுப்பது கஷ்டம்.

கூடாதவற்றை எழுதும்போது கூடுபவற்றையும் எழுத வேண்டும். கிணறு வெட்டுவது, வீடு கட்டுவது, மாட்டுக் கொட்டகை போடுவது, கோயில் கும்பாபிஷேகம், மஞ்சுவிரட்டு, மேய்ச்சல், கண்மாயில் மீன்பிடி, குடிமராமத்து ஆகிய எதற்கும் மண்டல அனுமதி தேவையில்லை என்று தெளிவாக எழுதாவிட்டால், இன்று சட்டம் கேட்பவர்களே நாளை அதை எதிர்த்து நிற்பார்கள். சின்னச் சின்ன அனுமதிக்கும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வைக்கும் பாரம்பரியப் பாதுகாப்பை எந்த ஊரும் தாங்காது.

நில விவரம் கேட்டு டெல்லியிலிருந்து கடிதம் வரும்போது மாவட்ட நிர்வாகம் என்ன செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் வேண்டும். மண்டலத்துக்குள் வரும் எந்தத் தொகுதியைப் பற்றியும் தகவல் கேட்கப்பட்டால், அதை முப்பது நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட கிராம சபைகளின் முன் வைக்க வேண்டும், தீர்மானத்தின் நகலோடுதான் பதில் அனுப்ப வேண்டும், பதிலில் ஆட்சேபம் உண்டா இல்லையா என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால் யார் எதைச் சொன்னார்கள், சொல்லவில்லை என்ற சர்ச்சைக்கே இடமிருந்திருக்காது. முப்பது நாள் என்பது என் யோசனை, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 4.97 ஹெக்டேர். மகிழ்ச்சியான செய்தி. அதுவும் பிரிவு 37இன் கீழ்தான், அதே வகையான எல்லைதான். மண்டலச் சட்டம் வரும் வரை இப்படிப்பட்ட ஊர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய ஒரு வேலை உண்டு. பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பல இடங்களில் அது பெயரளவில் கிடக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கிராம சபையில் வாய்விட்டு வாசித்து, விடுபட்ட சுனை, வரத்துக்கால், கல்வெட்டு, ஈமக்காடு, கோயில்காடு எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு சேர்த்து, தீர்மானம் போட்டு, ஒரு நகலை மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் ஒரு நகலைத் தொல்லியல் துறைக்கும் ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிவைக்க வேண்டும்.